அமெரிக்க கிராஃப்ட் பீரைச் சுவைத்தறிந்து பரிந்துரைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

“நல்ல பீர் ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்பவரிடம் புகழ்பெற்ற பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அவர் வாங்கும் கேன் அரை வருடமாகக் கடை அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம்; அவருக்குக் கசப்பே ஆகாமல் இருக்கலாம்; அவர் வசிக்கும் மாநிலத்தில் அந்த பீர் விற்பனைக்கே வராமலும் இருக்கலாம். பீரின் பெயர், அது அடைக்கப்பட்ட தேதி, அதைக் குடிக்கப்போகிறவரின் நாக்கு ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பரிந்துரை பலிக்கும். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் சுற்றியே அமைந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவர்களையும் அங்கே போய்வருபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். அங்கே மது வாங்கச் சட்டப்படியான வயது 21 என்பதையும், சுவைத்துப் பார்க்கும் நாளில் கார் ஓட்டும் பொறுப்பைக் குடிக்காத ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதை கிராஃப்ட் பீர் என்கிறார்கள்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்கா முழுவதையும் சேர்த்தாலும் நூறு பீர் ஆலைகள் தேறவில்லை. இருந்தவற்றிலும் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாத வெளிறிய லாகரையே (குளிர்ந்த சூழலில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர் வகை) தயாரித்துவந்தன. அந்த நிலை மாறியதற்குச் சில மனிதர்களின் பிடிவாதம் காரணம். மூடப்படும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றினார். 1976இல் ஜாக் மெக்காலிஃப் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற மிகச் சிறிய ஆலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளே நீடித்தாலும் அது பின்வந்தவர்களுக்கு வழி காட்டியது. வீட்டிலேயே பீர் தயாரிப்பதை நாட்டளவில் அனுமதிக்கும் சட்டத்தில் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். கென் கிராஸ்மனும் பால் கமூசியும் சேர்ந்து நிறுவிய சியரா நெவாடா 1980இல் சிகோ நகரில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அந்த நாட்டில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இயங்குகின்றன.

புரூவர்ஸ் அசோசியேஷன் என்ற ஆலையாளர் சங்கத்தின் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேற்படாமல் தயாரிக்கும், கிராஃப்ட் அல்லாத மது நிறுவனம் எதன் கையிலும் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இல்லாத ஆலையே கிராஃப்ட் ஆலை. தலைகீழாக நிற்கும் பாட்டில் வடிவிலான அந்தச் சங்கத்தின் முத்திரையை 2017 முதல் கேன்களில் காணலாம். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் 2011இல் பெருநிறுவனம் ஒன்றின் கைக்குப் போனதால் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. மிச்சிகனின் பெல்ஸ் ஆலையும் 2021இல் அப்படியே கைமாறியது. உள்ளூர்ச் சிற்றாலைகளை ஆதரிக்க விரும்புகிறவர் இதைப் பார்த்து வாங்குவது நியாயமே. ஆனால் ஆலையின் உரிமையாளர் யார் என்பது ஒரு கேள்வி, கிளாஸில் இருப்பது எப்படி இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. சுவைக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால், இந்தக் கட்டுரையில் இரு தரப்பு பீர்களின் பெயர்களும் வருகின்றன.

முதற்படி: தேதி பார்த்து வாங்குதல்

கேனின் அடிப்பகுதியிலோ பாட்டிலின் கழுத்திலோ அச்சிட்ட தேதியைத் தேடுங்கள். சில ஆலைகள் அடைத்த தேதியையும் சில ஆலைகள் எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்பதையும் குறிக்கின்றன. இரண்டில் எது என்று நிதானமாகப் படித்துவிட வேண்டும். ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்; ஏல் என்பது லாகரைவிடக் கூடிய வெப்பத்தில் நொதிக்கும் வகை) போன்ற, ஹாப்ஸ் என்ற கசப்புக் கொடிப்பூவின் மணம் மிகுந்த பீர்களை அடைத்த மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. புகைமூட்டம் போலக் கலங்கிய ஹேஸி ஐ.பி.ஏ. என்றால் ஒரு மாதத்துக்குள் குடிப்பது இன்னும் நல்லது. ஹாப்ஸின் நறுமண எண்ணெய்கள் விரைவில் மங்கிவிடும், ஆக்ஸிஜன் உள்ளே சிறிதளவு இருந்தாலும் அவற்றைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். எட்டு, பத்து சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கனமான ஸ்டவுட் என்ற கருத்த பீர்களும் பார்லிவைன் என்ற வலுவான ஏல்களும் போன்ற சில வகைகளே ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிக்கத் தாங்கும்.

வெளிச்சம் பீருக்குப் பகை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள்மீது ஒளி படும்போது, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் உருவாகிறது. பழுப்பு நிறப் பாட்டில் ஓரளவு காக்கும். பச்சைப் பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் காப்பதில்லை. கேன் முழுமையாகக் காக்கும். கொலராடோவின் ஆஸ்கர் புளூஸ் ஆலை 2002இல் தன் டேல்ஸ் பேல் ஏலைக் கேனில் அடைத்து விற்கத் தொடங்கியபோது கேன் என்றாலே மட்டமான பீர் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். இரண்டு ஒத்த பீர்களில் ஒன்று கேனிலும் மற்றொன்று பச்சைப் பாட்டிலிலும் இருந்தால் கேனையே எடுங்கள். கடையில் குளிர்பெட்டியிலும் அறைவெப்பத்திலும் ஒரே பீர் இருந்தால் குளிர்பெட்டியிலிருந்தே எடுங்கள்.

இரண்டாம் படி: சுவைப்பதற்கான ஏற்பாடு

கேனிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ நேரடியாகக் குடித்தால் மணத்தில் பெரும்பகுதி மூக்குக்கு எட்டாது. வாய்ப்பகுதி சற்று உள்நோக்கி வளைந்த டியூலிப் கிளாஸ் சிறந்தது. ஒயின் கிளாஸும் போதும். கிளாஸ் உண்மையிலேயே சுத்தமாக இருக்க வேண்டும். பீர் ஊற்றியபின் கிளாஸின் உட்சுவரில் குமிழ்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது என்று அர்த்தம். உறையவைத்த கிளாஸைத் தவிர்த்துவிடுங்கள். அதீதக் குளிர் நாக்கை மரக்கச் செய்து மணத்தை அடைத்துவிடும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், பேல் ஏலுக்கும் ஐ.பி.ஏ.வுக்கும் 7 முதல் 10, கனமான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரி என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, பேல் ஏல் என்றால் பத்து நிமிடமும் கனமான ஸ்டவுட் என்றால் அரைமணி நேரமும் வெளியே வைத்தால் கிட்டத்தட்ட அந்த நிலை வந்துவிடும்.

ஒரே அமர்வில் நான்கு பீர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் 100 மில்லி போதும். அமெரிக்க ஆலைகளின் டேப்ரூம் என்ற குடிக்கும் கூடங்களில் 4 அல்லது 5 அவுன்ஸ் அளவுள்ள சிறு கிளாஸ்களை வரிசையாக வைத்துத் தரும் ஃபிளைட் என்ற ஏற்பாடு இதற்கென்றே உள்ளது. இங்கே அளவைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஒரு நிலையான மது அளவு என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 5 சதவீத பீர் 355 மில்லியில் அது அடங்கியிருக்கும். டபுள் ஐ.பி.ஏ. என்ற வலுவான வகை ஒன்று 8 சதவீதத்தில் 473 மில்லி கேனில் வந்தால் அந்த ஒரு கேனில் மட்டும் அத்தகைய இரண்டு அளவுகளுக்கு மேல் இருக்கிறது. கேன் ஒன்றுதானே என்று எண்ணிக் குடிப்பவர்கள் இதனால்தான் ஏமாந்துபோகிறார்கள்.

வரிசையை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கருத்த பீர் கனமானது, பொன்னிற பீர் இலேசானது என்ற எண்ணம் தவறு. ஓரிகனின் டெஷூட்ஸ் ஆலை தயாரிக்கும் பிளாக் பியூட் போர்ட்டர் கன்னங்கரேலென்று இருந்தாலும் அதன் ஆல்கஹால் ஐந்தரை சதவீத அளவுதான். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையின் பொன்னிறமான பிளைனி தி எல்டரோ 8 சதவீதம். ஆகவே ஆல்கஹாலும் கசப்பும் குறைந்ததிலிருந்து கூடியதற்கு ஏறிச் செல்ல வேண்டும். புளிப்பு பீர்களைத் தனி நாளுக்கு ஒதுக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நடுநடுவே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும். ஊதுபத்தி, சென்ட், அடுப்பில் தாளிக்கும் வாசனை எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

மூன்றாம் படி: ஒரு பீரை முழுமையாகச் சுவைத்தல்

பயிற்சிக்கு சியரா நெவாடா பேல் ஏலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் கிடைக்கும், ஆல்கஹால் 5.6 சதவீதம், அமெரிக்க பீரின் சுவையையே மாற்றியமைத்த கேஸ்கேட் ஹாப்ஸ் இதில் முன்னிற்கிறது. ஓரிகனில் உருவாக்கப்பட்டு 1972இல் வெளியான அந்த ஹாப்ஸ் வகைக்கு, ஐரோப்பிய வகைகளில் அவ்வளவாகக் காணாத பம்பளிமாஸ் தோல் போன்ற மணம் உண்டு.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரற்கடை நுரை எழும்படி முடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: அடர்ந்த பொன்னிறத்துக்கும் செம்புக்கும் இடைப்பட்ட நிறம். இந்த பீர் அடைத்தபின் உள்ளே உயிருள்ள ஈஸ்ட்டால் இரண்டாம் முறை நொதிப்பது, ஆகையால் இலேசான கலங்கல் குறையல்ல. நுரை வெண்மையாக எழுந்து, மெல்ல அடங்கி, குடிக்கக் குடிக்கக் கிளாஸின் சுவரில் சரிகை போன்ற வளையங்களை விட்டுச்செல்லும்.

அடுத்தது மூக்கு. ஊற்றியவுடன் முகர வேண்டும். முதல் ஒரு நிமிடத்தில் எழும் மணம் பிறகு திரும்பி வராது. கிளாஸை இலேசாகச் சுழற்றி, ஒரே நீண்ட மூச்சாக இழுக்காமல், சிறு சிறு மூச்சாக இரண்டு மூன்று முறை முகருங்கள். முதலில் பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறியதுபோன்ற மணம். அதற்குப் பின்னே பைன் மரப்பிசின். அடியில் ரொட்டி ஓரத்தின் வாசனையும் காய்ச்சிய சர்க்கரைப்பாகின் சாயலும். பழக்கத்தில் இல்லாத பழங்களின் பெயரைப் பார்த்து எழுதாமல், உங்கள் மூக்குக்குத் தெரிந்த பொருளின் பெயரை எழுதுங்கள். சாத்துக்குடித் தோல், நார்த்தங்காய் இலை, கொய்யா, பழுத்த மாம்பழத்தின் காம்புப் பகுதி, கொத்தமல்லி விதை, கருப்பட்டி, வறுத்த காபிக்கொட்டை ஆகியவை ஹாப்ஸையும் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) விவரிக்கத் துல்லியமான சொற்கள்.

இனி ஒரு வாய். நாக்கு முழுவதும் படரவிட்டு, விழுங்கி, வாயை மூடி மூக்கின் வழியே மூச்சை விடுங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவது போலன்றி பீர் சுவைப்பவர்கள் விழுங்குவதற்கு இதுவே காரணம்: தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் மணத்தில்தான் பீரின் பாதிக் குணம் வெளிப்படுகிறது. முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கே. இரண்டாம் வாயிலிருந்து கவனியுங்கள். இனிப்பு முதலில் வருகிறதா, கசப்பு எப்போது எழுகிறது, எழுந்த கசப்பு சுத்தமாக அடங்குகிறதா அல்லது மாத்திரை கரைந்ததுபோல நாக்கின் அடியில் தங்கிவிடுகிறதா? இந்தப் பேல் ஏலில் மால்ட்டின் மெல்லிய இனிப்பு முதலில் வந்து, கசப்பு நடுவில் ஏறி, வறண்ட முடிவோடு அடங்கும். அந்த வறட்சி அடுத்த வாயைக் கேட்கும்.

கசப்பை அளக்க ஐ.பி.யு. என்ற எண்ணைப் பல ஆலைகள் குறிக்கின்றன. இந்தப் பேல் ஏலுக்கு அது 38. அதை வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிர, தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. அது கரைந்திருக்கும் கசப்புப் பொருளின் அளவைச் சொல்கிறது. அதைச் சமன்செய்யும் இனிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கனமான ஸ்டவுட்டில் 60 இருந்தாலும் இனிப்பாகத் தோன்றலாம். பில்ஸ்னர் என்ற மெல்லிய லாகர் வகையில் 40 இருந்தாலும் கூர்மையாகக் கசக்கலாம்.

கடைசியாக வாயுணர்வு: தண்ணீர்போல் ஓடுகிறதா, பாலாடைபோல் படிகிறதா, வாயு குத்துகிறதா, ஆல்கஹாலின் சூடு தொண்டையில் தெரிகிறதா, ஈறுகளில் துவர்ப்பு இழுக்கிறதா? இவற்றையும் குறித்துக்கொண்டு, பாதிக் கிளாஸை இருபது நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மறுபடியும் சுவையுங்கள். குளிர் தணிந்ததும் நல்ல பீரில் புதிய அடுக்குகள் திறக்கும்; மோசமான பீரின் குறைகளும் அப்போதுதான் ஒளிய இடமின்றி வெளியே வரும்.

நான்காம் படி: இணையாக வைத்து வகைகளைப் பழகுதல்

தனித்தனியாகக் குடித்து நினைவில் ஒப்பிடுவதைவிட, இரண்டு கிளாஸை அருகருகே வைத்துச் சுவைப்பதில்தான் நாக்கு விரைவாகக் கற்கிறது.

ஐ.பி.ஏ.க்களில் மேற்குக் கரை பாணியையும் நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) பாணியையும் அவசியம் இணைத்துப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மேற்குக் கரை ஐ.பி.ஏ. தெளிவானது, வறண்டது, பைன் பிசினும் சிட்ரஸ் தோலும் மணக்க உறுதியான கசப்போடு முடிவது. வின்னி சிலுர்சோ 1994இல் பிளைண்ட் பிக் ஆலையில் செய்துபார்த்த டபுள் ஐ.பி.ஏ.யும், பின்னர் ரஷ்யன் ரிவரில் அவர் தந்த பிளைனி தி எல்டரும் இந்த மரபின் உச்சங்கள். வெர்மான்ட் மாநிலத்தின் தி ஆல்கெமிஸ்ட் ஆலையில் ஜான் கிம்மிச் உருவாக்கிய ஹெடி டாப்பரோ இன்னொரு பாதையைத் திறந்தது: கலங்கல், மென்மை, மாம்பழமும் ஆரஞ்சும் கலந்த சாறு போன்ற மணம். அதன் வழிவந்த நியூ இங்கிலாந்து பாணியில் ஓட்ஸும் கோதுமையும் சேர்ந்து வாய்க்கு வழவழப்பைத் தருகின்றன. ஹாப்ஸைக் கொதிக்கும்போது சேர்த்தால் கசப்பு இறங்கும். கொதி முடிந்தபின்னும் நொதிக்கும் தொட்டியிலும் சேர்த்தால் மணமே மிகுதியாக இறங்கும். இரு பாணிகளுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த நேரக் கணக்குதான். இந்த இரண்டு புகழ்பெற்ற பீர்களும் எல்லா ஊரிலும் கிடைக்காது. உங்கள் நகரத்து ஆலை ஒன்றின் இரு பாணி பீர்களைப் புதிதாக வாங்கி ஒப்பிட்டாலே பாடம் விளங்கிவிடும். பெல்ஸ் ஆலையின் டூ ஹார்ட்டட் சென்டெனியல் என்ற ஒரே ஹாப்ஸ் வகையால் ஆனது. ஒரு ஹாப்ஸின் குணத்தைத் தனியாகக் கற்க அதைவிட வசதியான பீர் குறைவு.

கருத்த பீர்களில் பிளாக் பியூட் போர்ட்டரையும் கொலராடோவின் லெஃப்ட் ஹேண்ட் மில்க் ஸ்டவுட்டையும் சேர்த்து வையுங்கள். முன்னதில் சாக்லேட்டும் வறுத்த மால்ட்டும் வறண்ட முடிவும். பின்னதில் பாற்சர்க்கரையான லாக்டோஸ் சேர்ப்பதால் வரும் இனிப்பும் குழைவும். ஈஸ்ட்டால் லாக்டோஸை நொதிக்கவைக்க முடியாது, ஆகவே அந்த இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. போர்பன் விஸ்கிப் பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்டுகளுக்கு கூஸ் ஐலண்டின் போர்பன் கவுண்டி முன்னோடி. வெனிலாவும் கருகிய மரமும் கருப்பட்டிப்பாகும் மணக்கும் அதைச் சிறு கிளாஸில் நான்கைந்து பேர் பகிர்ந்து சுவைப்பதே முறை.

லாகரை எளிய பீர் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பென்சில்வேனியாவின் விக்டரி பிரைமா பில்ஸில் மறைந்துகொள்ள எதுவும் கிடையாது. தானியம், பூ மணக்கும் ஹாப்ஸ், கூர்மையான கசப்பு ஆகிய மூன்றுதான், ஒன்று பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். கோதுமை பீருக்கு மெய்ன் மாநிலத்தின் அலகாஷ் ஒயிட்: கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த பெல்ஜிய மரபு, 5.2 சதவீதம். புளிப்புக்கு டாக்ஃபிஷ் ஹெட் ஆலையின் சீக்வென்ச் ஏல்; எலுமிச்சையும் உப்பும் சேர்ந்த அது கோடைக்காலத்துக்கு உகந்தது.

ஐந்தாம் படி: குறையை இனங்காணுதல்

பிடிக்கவில்லை என்பதும் கெட்டுவிட்டது என்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாதவர் நல்ல ஆலையைக் குறைசொல்லிவிடுவார், அல்லது கெட்ட பீரை அதன் பாணி என்று எண்ணி ஏற்றுக்கொள்வார். பழைய அட்டைப்பெட்டியை நனைத்ததுபோன்ற சப்பையான வாசனை ஆக்ஸிஜனால் வருவது. பெரும்பாலும் பழமையின் அடையாளம். தியேட்டர் பாப்கார்ன்மீது ஊற்றும் வெண்ணெய் போன்ற வாசனை டைஅசிட்டைல். நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு எடுத்ததாலோ, பாரில் பீப்பாயிலிருந்து பீர் வரும் டேப் குழாய்களில் பாக்டீரியா படிந்ததாலோ வரலாம். வேகவைத்த சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாசனை டை மெத்தில் சல்ஃபைட். பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைட், பீர் முதிரவில்லை என்பதைக் காட்டுவது. புளிப்பு பீர் அல்லாத ஒன்றில் வினிகர் நெடி அடித்தால் கிருமி புகுந்துவிட்டது. டேப் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது புரூவர்ஸ் அசோசியேஷனின் பரிந்துரை. ஆகவே பாரில் குடித்த ஒன்றில் வெண்ணெயோ வினிகரோ தெரிந்தால், அதே பீரைக் கேனில் குடித்துப் பார்த்த பிறகே ஆலையைப் பற்றிய முடிவுக்கு வாருங்கள்.

மூக்கைப் பழக்க ஒரு பயிற்சி உண்டு. ஒரே நாளில் அடைத்த ஒரே ஐ.பி.ஏ.யின் இரண்டு கேன்களை வாங்கி, ஒன்றை ஃப்ரிட்ஜிலும் மற்றொன்றை அலமாரியிலும் இரண்டு மாதம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து சுவையுங்கள். அலமாரிக் கேனில் பழ மணம் மங்கி, தேன் கலந்த சப்பை இனிப்பு தலைதூக்கியிருக்கும். தேதி பார்த்து வாங்கச் சொல்வதன் காரணம் அந்த ஒரு அமர்விலேயே நாக்குக்குப் புரிந்துவிடும்.

ஆறாம் படி: குறிப்பெழுதுதல்

பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்வு வைத்து உருவாக்கும் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு 1985இல் தோன்றியது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக் குறிப்பேட்டில் மதிப்பெண் கட்டாயமில்லை. பீரின் பெயர், ஆலை, அடைத்த தேதி, வாங்கிய இடம், கேனா டேப்பா என்ற விவரம், பிறகு மூன்று நான்கு வரிகள் போதும். அந்த வரிகளில் கிளாஸில் இருந்தது என்ன என்பதை முதலிலும், உங்களுக்குப் பிடித்ததா என்பதைக் கடைசியிலும் தனித்தனியாக எழுதுங்கள். புளிப்பு பீர் உங்களுக்கு ஆகாவிட்டாலும், அது நன்றாகச் செய்யப்பட்ட புளிப்பு பீர் என்று எழுதத் தெரிந்தால், அதை விரும்பக்கூடிய இன்னொருவருக்கு நீங்கள் துணிந்து சொல்லலாம். பரிந்துரை செய்யும் தகுதி அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: பரிந்துரைத்தல்

முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். என்ன பீர் பிடிக்கும் என்று கேட்டால், புதியவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது. வேறு சுவைகளின் வழியே கேட்பது பலன் தரும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவிடம், “மாமா, காபி உங்களுக்கு எப்படி இருக்கணும்?” என்று கேட்டுப் பாருங்கள். “டிகாக்‌ஷன் தூக்கலா, சர்க்கரை கம்மியா” என்றால் வறுத்த மால்ட்டின் கசப்பு அவருக்கு அந்நியமாக இருக்காது, போர்ட்டரில் தொடங்கலாம். பாலும் சர்க்கரையும் நிறைய வேண்டும் என்றால் மில்க் ஸ்டவுட். எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் குடிப்பவருக்கு சீக்வென்ச் போன்ற புளிப்பு பீர் உடனே பிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவரை இந்திய லாகர் மட்டுமே குடித்தவரை முதல் நாளே 8 சதவீத ஐ.பி.ஏ.யின் முன் உட்கார வைப்பது அவருக்கும் அந்த பீருக்கும் செய்யும் அநீதி. நல்ல பில்ஸ்னர், பிறகு அலகாஷ் ஒயிட், பிறகு பேல் ஏல் என்று அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவதாக, குடிக்கக் கூடாதவை எவை என்று கேட்பது கட்டாயம். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும், பாற்பொருள்களை அறவே தவிர்ப்பவருக்கும் லாக்டோஸ் சேர்த்த மில்க் ஸ்டவுட்டும் மில்க்‌ஷேக் ஐ.பி.ஏ.யும் ஆகாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் நட்ஸ் சேர்த்த ஸ்டவுட்டுகளைத் தவிர்க்க வேண்டும். பார்லியோ கோதுமையோ சேர்ந்தவை என்பதால் குளூட்டன் என்ற தானியப் புரதம் ஆகாதவர்களுக்கு வழக்கமான பீர் எதுவுமே பொருந்தாது. சுத்த சைவமா என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருள் முக்கியமாகப் பீப்பாயிலேயே முதிரும் பிரிட்டிஷ் கேஸ்க் ஏல் மரபில் பயன்படுவது. அமெரிக்கக் கேன்களில் அது அரிது என்றாலும், உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆலையிடமே கேட்டுவிடலாம். மருந்து உட்கொள்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், குடியை விட்டவர்கள் ஆகியோருக்கு ஆல்கஹால் உள்ள எதையும் சொல்லக் கூடாது. ஆல்கஹால் பிடிக்காமலோ வண்டி ஓட்ட வேண்டியிருப்பதாலோ விலகி இருப்பவர்களுக்கு, கனெக்டிகட்டின் அத்லெடிக் ஆலை தயாரிக்கும் அரை சதவீதத்துக்கும் குறைந்த வகைகளைத் தயங்காமல் சொல்லலாம். ஹாப்ஸின் மணம் அவற்றில் உண்மையாகவே இருக்கிறது.

மூன்றாவது உணவு. நம் சமையலோடு ஐ.பி.ஏ.வைச் சேர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் வாயுவும் தூண்டிவிடும், அதன்மேல் உறுதியான கசப்பும் சேர்ந்தால் நாக்கில் இரண்டுமே கடுமையாகும். செட்டிநாட்டுக் கோழி வறுவலுக்கும் காரமான பிரியாணிக்கும் மால்ட் இனிப்புள்ள சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர் அல்லது கோதுமை பீர் நன்றாகப் பொருந்தும். காரம் குறைந்த மீன் வறுவலுக்கு அலகாஷ் ஒயிட். அதன் கொத்தமல்லி மணம் மீனோடு இயல்பாகச் சேர்கிறது. முதிர்ந்த செடார் சீஸுக்கு மேற்குக் கரை ஐ.பி.ஏ.; வெனிலா ஐஸ்கிரீமுக்கு ஸ்டவுட்.

நான்காவது, கிடைக்குமா என்பது. விஸ்கான்சினின் நியூ கிளாரஸ் ஆலை தன் பீர்களை அந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்கிறது. டெக்சாஸில் இருப்பவரிடம் அதன் பெல்ஜியன் ரெட்டின் செர்ரிச் சுவையைப் புகழ்வது வெறும் ஆசை காட்டுதல். ஆகவே ஒரு பெயரைச் சொல்லும்போதே, அது கிடைக்காவிட்டால் எதைத் தேட வேண்டும் என்ற விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “பிரைமா பில்ஸ் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் ஊர் ஆலையின் பில்ஸ்னர் எதுவானாலும் பரவாயில்லை, அடைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.” இப்படிச் சொன்னால் கடைக்காரரே மீதி உதவியைச் செய்துவிடுவார்.

குடித்தபின் எப்படியிருந்தது என்று கேட்டு, அவர் சொன்னதை உங்கள் குறிப்பேட்டில் அவர் பெயரின்கீழ் எழுதிக்கொள்ளுங்கள். கசப்பு அதிகம் என்றால் அடுத்த முறை ஹேஸி ஐ.பி.ஏ. அல்லது கோதுமை பீர். இனிப்பு திகட்டியது என்றால் பில்ஸ்னர் அல்லது வறண்ட போர்ட்டர். சப்பென்று இருந்தது என்றால் முதலில் கேன் எந்தத் தேதியில் அடைத்தது என்று கேளுங்கள், அது புதியதாகவே இருந்தால் மட்டும் இன்னொரு பெயரைச் சொல்லுங்கள்.